லில்லி திருத்திய நுங்கு

எங்கள் கடையின் இறக்குமதிப் பகுதிக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். "அன்ரி, கம்பனிப் பேர் ஒண்டும் போடாத ஹான்ட்பாக் எண்டால் இறக்கலாம்தானே?" நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அண்மையில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்றபோதுகூட உங்களில் ஒருவர் அதே கேள்வியோடு ஓடி வந்தார். மானிப்பாய் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பதிலைப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு சொல்ல முடியாதல்லவா? அதனால்தான் இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: பெயர் இல்லாவிட்டாலும் இறக்க முடியாமல் போகலாம். துணியில் திரும்பத் திரும்ப வருகிற பூவும் கோடும்கூட ஒரு கம்பனியின் வர்த்தகக் குறியாகப் பதிவாகியிருக்கலாம். பெயரை எடுத்துவிட்டுப் பூவை வைத்திருந்தாலும் களவு களவுதான். இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள், தலையாட்டியவர்கள் அடுத்த வாரமே அதே பூவோடு வந்து நின்றிருக்கிறார்கள். ஆகவே சட்டத்தை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலை செய்தது யாழ்ப்பாண நகரில், ஹான்ட்பாக், சால்வை, குடை, தலைக்குக் குத்துகிற கிளிப் எல்லாம் மொத்தமாக விற்கிற ஒரு கடையில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் கையில் இருந்ததால் வெளிநாட்டுக் கம்பனிகளோடு எழுதுவதும் கதைப்பதும் என் வேலை. முதலாளி கோப்பாய்க்காரர். வெங்காயம் விற்கத் தொடங்கி ஹான்ட்பாக்கில் வந்து நின்றவர். வெங்காயத்தை எடுத்து நசித்துப் பார்ப்பதுபோலவே பாக்கையும் நசித்துப் பார்ப்பார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அவரை அண்ணை என்பேன். சண்டை வருகிறபோதும் அதே முறைதான், குரல் மட்டும் உயரும்.

வெகுகாலம் நாங்கள் கொழும்பு மொத்தக் கடைகளில்தான் சாமான் எடுத்தோம். பிறகு, கையில் வட்ஸ்அப் வந்ததும், சீனாவிலேயே நேராகச் செய்விக்கலாம் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. அப்படிக் கிடைத்தவள்தான் லில்லி. ஒரு பாக் தொழிற்சாலையில் விற்பனைப் பிரிவில் இருந்தாள். அவளுடைய உண்மையான பெயர் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. எந்த நேரம் எழுதினாலும் பதில் எழுதுவாள், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ரோசாப்பூ போடுவாள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் ஒரு பாக் இறக்க வேண்டும் என்று முதலாளி தீர்மானித்திருந்தார். லில்லி படங்கள் அனுப்பினாள். எல்லாவற்றிலும் வடிவானது ஒரு கோப்பி நிறப் பாக். பொன்னிறத்தில் மூன்று இதழ்ப் பூ, பூவைச் சுற்றிச் சங்கிலிபோல ஒரு வளையம், அது சரிவு சரிவாகப் பாக் முழுவதும் ஓடியது. பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. ஐரோப்பாவில் ஒரு பெரிய கம்பனியின் பாக் அது. கம்பனியின் பெயரை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

"அண்ணை, உது வேண்டாம்," என்றேன்.

"ஏன்? பேர் ஒண்டும் இல்லையே."

"பூவே பேர்தான் அண்ணை. உந்தப் பூவும் வளையமும் அவையின்ரை."

"பூவுக்கு ஆர் சொந்தக்காரன், தங்கச்சி? நாளைக்கு வெங்காயத்துக்கும் ஒருத்தன் வருவான்."

சுங்கத்தில் பிடித்தால் கொள்கலன் முழுவதும் நிற்கும், மற்றச் சாமானும் சேர்ந்து நிற்கும், திருவிழா முடிந்துபோகும் என்று சொன்னேன். திருவிழா என்ற சொல் வேலை செய்தது. அவர் கதிரையில் சாய்ந்து கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் பேனையால் எதையோ கீறத் தொடங்கினார்.

"அப்ப நாங்களே ஒரு டிசைன் போடுவம். ஒருத்தனும் கேக்க ஏலாது."

அது மிக நல்ல தீர்மானம். நானும் சந்தோசப்பட்டேன். படத்தைப் பார்க்கும் வரைக்கும்.

ஒரு வட்டம், அதற்குள் மூன்று ஓட்டை. கவுண்டரில் நின்ற பிள்ளைகளிடம் என்னவென்று கேட்டார். ஒருத்தி பொத்தான் என்றாள். இன்னொருத்தி, பாவம், உண்மையாகவே யோசித்துவிட்டு, "பிளக் பொயின்ற், முதலாளி," என்றாள்.

"நுங்கு!" என்று முதலாளி கத்தினார். "வெட்டின நுங்கு! மூண்டு கண் தெரியேல்லையோ?"

சொன்ன பிறகு தெரிந்தது. கடையில் எல்லோரும் சிரித்தாலும் எனக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் விற்கிற பாக்கில் நுங்கு ஓடினால் என்ன குறை? படத்தை அப்படியே படமெடுத்து லில்லிக்கு அனுப்பினேன். பாக் முழுவதும் இந்த உருவம் வரவேண்டும், நிறம் உங்கள் விருப்பம் என்று எழுதினேன். லில்லி பத்துப் பன்னிரண்டு ரோசாப்பூ அனுப்பினாள்.

மாதிரிக்கு ஒரு பாக் கூரியரில் வந்தது. பெட்டியை நான்தான் திறந்தேன்.

கோப்பி நிறம். பொன்னிறத்தில் வட்டம். மூன்று கண்களும் கூராகி மூன்று இதழாகியிருந்தன. நுங்கின் வெளி ஓடான கோம்பை சங்கிலி வளையமாகியிருந்தது. சரிவு சரிவாக ஓடியது. நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பாக், நுங்கு வழியாகச் சுற்றிவந்து மேசையில் ஏறி இருந்தது.

முதலாளி அதை நசித்துப் பார்த்தார். அவருடைய முகம் அவ்வளவு மலர்ந்து நான் கண்டதில்லை.

"பார் தங்கச்சி, என்ரை நுங்கு. என்ன வடிவாச் செய்திருக்கிறாள்!"

"அண்ணை, இது நுங்கில்லை. அந்தக் கம்பனியின்ரை பூ."

"நான் கீறினதை நான் அறியேனோ? உதிலை பார், மூண்டு கண்."

இங்கேதான் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கண்ணுக்கு அது உண்மையிலேயே நுங்காகத்தான் தெரிந்தது. தான் கீறியதைத்தான் அவர் பார்த்தார். நான் அந்தக் கம்பனியின் படத்தை முன்னமே பார்த்திருந்ததால் எனக்குப் பூ தெரிந்தது. இரண்டு பேரும் மேசையின் இரு பக்கமும் இருந்து எவ்வளவு நேரம் வாதாடினாலும் தீராது. அதற்கிடையில் லில்லி எழுதியிருந்தாள்: துணி அச்சடிக்கத் தொடங்கிவிட்டோம், இந்த வாரத்துக்குள் சரி என்று சொன்னால் கப்பலில் இடம் இருக்கிறது, தவறினால் திருவிழாவுக்கு வராது.

"அண்ணை, நானும் சொல்லேல்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்," என்றேன். "உதை வாங்கப் போற சனம் சொல்லட்டும். நான் கொண்டு திரியிறன். நானா வாய் திறக்கமாட்டன்."

அடுத்த நாள் காலை மானிப்பாயில் பஸ் ஏறினேன். வழக்கமான பருத்திச் சீலை, வழக்கமான ரப்பர்ச் செருப்பு, தோளில் மட்டும் அந்தப் பாக். கொண்டக்டர் காசுக்குக் கை நீட்டியவர் பாக்கைப் பார்த்துவிட்டு, "அன்ரி, ரூவாயோ டொலரோ?" என்றார். பக்கத்தில் இருந்த ஒரு ஆசிரியை இரண்டு தரிப்பு தாண்டும் வரை பொறுத்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"குறை நினையாதேங்கோ, உது கனடாவாலை வந்ததோ?"

"இல்லை."

"அப்ப லண்டன். எங்கடை மச்சாளும் ஒண்டு வைச்சிருக்கிறா." அந்தக் கம்பனியின் பெயரை அவரே, பாதி உடைத்து, சொன்னார். "கழுவக்கூடாதாம், தெரியுமோ?"

வங்கிக்குப் போக ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரர் வழக்கத்தைவிடக் கூடக் கேட்டார். ஏன் என்றேன். "உந்தப் பாக்கோடை வந்து என்னோடை பேரம் பேசுறியளே, அன்ரி?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். பின்னேரம் ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். போதகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, பாக்கைப் பார்த்தபடி, "கர்த்தர் உங்களை நல்லா ஆசீர்வதிச்சிருக்கிறார்," என்றார். என்னை ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"ஒருத்தர்கூட நுங்கு எண்டு சொல்லேல்லையோ?" அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை."

மேசையில் இருந்த பாக்கைக் குனிந்து பார்த்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். திடீரென்று நிமிர்ந்தார்.

"அப்ப சனத்துக்குப் பாக் பிடிச்சிருக்கு! அதுதானே எங்களுக்கு வேணும்?"

பிள்ளைகளே, நீங்கள் எவ்வளவு சான்று கொண்டு போனாலும், விற்கிற ஆசையில் இருக்கிற ஒருவர் அதை விற்பனைக்குச் சாதகமாகத்தான் வாசிப்பார். அதற்காக அவரை மட்டமாக நினைக்காதீர்கள். அந்த ஆசையால்தான் கடை ஓடுகிறது, எங்களுக்குச் சம்பளமும் வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நீங்கள் ஒரு சொல்லையாவது தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னேன்:

"அண்ணை, அவை எங்கடை பாக்கைப் பார்க்கேல்லை. எங்கடை பாக்கிலை வேறை ஆரின்ரையோ பாக்கைப் பார்த்தவை. அதைத்தான் சட்டம் பிழை எண்டு சொல்லுது."

அவருக்கு அது பிடிக்கவில்லை. மேசையில் இருந்த பாக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"உன்ரை பஸ்ஸிலை வந்ததுகள் பட்டணத்துச் சனம். நாளைக்குக் கோப்பாயிலை எங்கடை சொந்தத்துக்கை ஒரு கலியாணம். பவளம் உதைக் கொண்டு வரட்டும். அங்கை எல்லாரும் பனங்காணிக்குள்ளை வளந்த ஆக்கள். நுங்கு தெரியாட்டி என்னைக் கேள்."

பவளம் அக்கா அவருடைய மனைவி. அதிகம் கதைக்காத மனுசி. கடைக்கு வந்தாலும் ஒரு கிளிப்பைக்கூடத் தானாக எடுக்கமாட்டார். அந்தக் கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு இருந்தது. நான் போனபோது அவர் மண்டபத்தின் முன்வரிசையில், கத்தரிப்பூ நிறக் கூறைப்பட்டு உடுத்து, மடியில் அந்தப் பாக்கை வைத்துக்கொண்டு இருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம், கேளாமலே, "இவர் கீறினது. நுங்கு," என்று சொன்னார். அவர் தன் மனிசனைப் பற்றி அப்படிப் பெருமையாகச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கேட்டவர்கள் "அட, நுங்கோ!" என்று குனிந்து பார்த்தார்கள். எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனோ?

அப்போதுதான் லண்டனிலிருந்து வந்திருந்த பவளம் அக்காவின் மச்சாள் ஒருவர் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். அவருடைய கையிலும் அதே பாக். அசல்.

"இதென்ன பவளம், நீரும் வாங்கினனீரோ?"

"இது வாங்கினதில்லை மச்சாள். இவர் கீறிச் செய்விச்சது. நுங்கு."

மச்சாள் இரண்டு பாக்குகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். விரலால் தையலைத் தடவிப் பார்த்தார். கெட்ட மனுசி இல்லை, ஆனால் குரல் பெரிது.

"சும்மா விடும் பவளம். உது டூப்பிளிக்கேட். இஞ்சை பாரும் என்ரையை. நுங்காம், நுங்கு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பவளம் அக்காவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முகம் இடங்கொடுக்கவில்லை. "இவர் கீறினதுதான்," என்று இன்னொருமுறை மெதுவாகச் சொன்னார். அதை யாரும் கேட்கவில்லை. பிறகு பாக்கை மடியிலிருந்து எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்து, சீலைத் தலைப்பால் மூடிவிட்டார். தாலி கட்டுகிற நேரம் எல்லோரும் எழும்பினார்கள், அவர் எழும்பவில்லை. எழும்பினால் பாக் தெரியும்.

சாப்பாடு முடிந்து போகிறபோது முதலாளி வாசலில் நின்றார். பவளம் அக்கா ஹான்ட்பாக்கை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு முடிந்து கையில் பிடித்துக்கொண்டு வந்தார். முதலாளி பையைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் நான் கடைக்குப் போனபோது அவர் எனக்கு முன்னமே வந்திருந்தார். மேசையில் ஒரு நுங்குக் குலை. வருகிற வழியில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கியிருக்கிறார். பக்கத்தில் கத்தி.

"லில்லியை எடு தங்கச்சி. முகம் தெரியிற மாதிரி எடு."

வீடியோவில் லில்லி வந்தாள். நாங்கள் நினைத்ததைவிடச் சின்னப் பிள்ளை. முதலாளி வணக்கம்கூடச் சொல்லாமல் போனுக்கு முன்னால் ஒரு நுங்கின் தலையைச் சீவி நீட்டினார். லில்லி பின்னால் சாய்ந்தாள்.

"இது என்ன மிருகத்தின் கண்?" என்று கேட்டாள்.

பழம் என்று நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். மரத்தில் காய்ப்பது, வெயிலுக்குச் சாப்பிடுவது. நாங்கள் கேட்டது இது, நீங்கள் செய்தது வேறு ஒரு கம்பனியின் பூ. ஏன் மாற்றினீர்கள்?

லில்லிக்கு வெட்கமாகப் போய்விட்டது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்களுக்குக் கனபேர் இப்படிக் கீறி அனுப்புவார்கள். அந்தக் கம்பனியின் பூ வேண்டும் என்று நேரே கேட்க அவர்களுக்கு வெட்கம். அதனால் வேண்டுமென்றே பிழையாகக் கீறுவார்கள். நாங்கள் விளங்கிக்கொண்டு திருத்திக் கொடுப்போம். நீங்களும் வெட்கப்படுகிறீர்கள் என்று நினைத்தோம்."

நான் தமிழில் சொன்னேன். முதலாளி கத்தியைக் கீழே வைத்தார்.

"சொல்லு அவளுக்கு! நான் வெக்கப்படேல்லை! எனக்குக் கீறத்தான் தெரியாது!"

அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லில்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள், முதலாளி எங்கள் இருவரையும் பார்த்துக் கோபப்பட முயன்று, கடைசியில் அவரும் சிரித்தார். நுங்கை எடுத்து விரலால் தோண்டி, போனுக்கு முன்னாலேயே சாப்பிட்டார்.

சிரிப்பு முடிந்ததும் பேரம் தொடங்கியது. அச்சடித்த துணியை என்ன செய்வது என்று லில்லி கேட்டாள். நாங்கள் அனுப்பிய படத்தை மாற்றியது நீங்கள்தான், எங்களைக் கேட்கவுமில்லை என்று நான் உறுதியாக நின்றேன். அவள் மேலதிகாரியிடம் போய் வந்தாள், மறுபடி போனாள், கடைசியில் ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்தக் கப்பலைப் பிடிக்க முடியாது. புதிதாக நுங்கு அச்சடித்து வர, திருவிழா பாதி முடிந்துவிடும். முதலாளிக்கு அது தெரிந்தது. தெரிந்துகொண்டுதான், "சரியெண்டு சொல்லு," என்றார்.

இதோடு கதை முடிந்திருந்தால் உங்களுக்கு நல்ல பாடமாக இருந்திருக்கும். நடந்தது வேறு.

நாங்கள் வேண்டாம் என்ற துணியை லில்லியின் ஆட்கள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அது பாக்காகி, நாங்கள் தவறவிட்ட கப்பலிலேயே கொழும்புக்கு வந்து, ஒரு மொத்த வியாபாரியின் கைவழியாக யாழ்ப்பாணத்துக்கே வந்து சேர்ந்தது. எங்கே? எங்கள் கடைக்கு நேர் எதிரே, ரஞ்சன் என்பவரின் கடை வாசலில். ரஞ்சன் இளம் வியாபாரி, ஓடியாடித் திரிகிறவர், முதலாளிக்குத் தொழிலில் போட்டி. ஆனால் காலையில் கண்டால் "அண்ணை" என்று சொல்லாமல் போகமாட்டார்.

சுங்கம் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே "மற்றவனுக்கு வந்ததுதானே" என்று உங்களிடம் யாரும் சொன்னால், உண்மைதான், வந்திருக்கும்.

கோப்பி நிறப் பாக் எதிர்க்கடையில் பறந்தது. திருவிழாச் சனம் எங்கள் வாசலைத் தாண்டி அங்கே போனது. முதலாளி கதிரையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாக் வெளியே போகிறபோதும் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு நாள் நான் கேட்டேன்: "அண்ணை, ரஞ்சனுக்கு ஒருக்கா சொல்லுவமோ? பிறகு பெரிய கரைச்சலாப் போகும்."

"நான் சொன்னால் எரிச்சலிலை சொல்லுறன் எண்டு நினைப்பான்."

"நான் சொல்லுறன்."

போய்ச் சொன்னேன். ரஞ்சன் கதிரை எடுத்துப் போட்டார், சோடா உடைத்துத் தந்தார், முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அக்கா, உங்கடை முதலாளிக்கு எரிச்சல் எண்டு எனக்கு விளங்குது," என்றார். நான் சோடாவைக் குடித்துவிட்டு வந்தேன். போட்டிக்காரருக்கு எச்சரிக்கை சொல்லப் போனால் நம்பமாட்டார்கள். அதையும் தெரிந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள்.

எங்கள் நுங்குப் பாக் வந்தது. இளம் பச்சைத் துணியில் கறுப்பு வட்டமும் வெள்ளைக் கண்ணும். லில்லி இந்தமுறை ஒரு கோட்டைக்கூடத் திருத்தவில்லை. முதலாளியின் வட்டம் ஒரு பக்கம் சப்பையாக இருந்தது, பாக்கிலும் அப்படியே சப்பையாக வந்திருந்தது. சனம் எடுத்துப் பார்த்தது, "இதென்னது?" என்று கேட்டது, நுங்கு என்றதும் சிரித்தது, சிலர் வாங்கினார்கள். பறந்தது என்று சொல்லமாட்டேன். நடந்தது.

திருவிழா முடிந்து கொஞ்சக் காலத்தில் ஒரு மத்தியானம் ரஞ்சன் எங்கள் கடைக்குள் வந்தார். கையில் கொழும்பிலிருந்து வந்த ஒரு வக்கீல் நோட்டீஸ். அந்த ஐரோப்பியக் கம்பனியின் சார்பில். உடனே விற்பனையை நிறுத்தி, மீதியை ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு.

"அக்கா, மிச்சத்தைக் கிளிநொச்சிக்கு அனுப்பிவிடட்டோ? இல்லாட்டி ஒவ்வொரு பூவிலையும் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டட்டோ?"

"ஒண்டும் செய்யாதேங்கோ," என்றேன். "ஒளிச்சால் நீங்கள் தெரிஞ்சு செய்தனீங்கள் எண்டு ஆகும். ஒட்டினாலும் அதுதான். கடையிலை இருக்கிறதை இறக்கி உள்ளை வையுங்கோ. வாங்கின இடத்தின்ரை பில் எல்லாம் எடுங்கோ. நேரை போய்க் கதைப்பம்."

"கதைப்பம்" என்று சொன்ன பிறகுதான் நானும் போவதாகச் சொல்லிவிட்டேன் என்று விளங்கியது. முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருக்கலாம், சொல்வதற்கு நியாயமும் இருந்தது. அவர் நோட்டீஸை வாங்கி வாசித்தார், மடித்துக் கொடுத்தார்.

"தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போ ரஞ்சன். அவ கதைக்கட்டும். நீ வாயைத் திறவாதை."

கொழும்புக்கு ரயில் கோச்சியில் போனோம். வழி முழுவதும் ரஞ்சன் தன் வாதத்தை ஒத்திகை பார்த்தார். மூன்று இதழ்ப் பூ கோயில் வீதியிலும் பூக்கிறது, சங்கிலி எல்லோர் கழுத்திலும் இருக்கிறது, இப்படி. "அதையெல்லாம் உங்கடை மனிசிக்குச் சொல்லுங்கோ, அங்கை சொல்லாதேங்கோ," என்றேன்.

வக்கீல் இளம் பெண். தமிழ் பேசினார். ரஞ்சன் வாயைத் திறந்தார், நான் அவருடைய காலை மிதித்தேன், அவர் மூடிக்கொண்டார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன்: இவர் இறக்குமதி செய்யவில்லை, இந்த வியாபாரியிடம் வாங்கினார், பில் இது, மீதிப் பாக் இவ்வளவு, ஒன்றும் ஒளிக்கவில்லை, இனி விற்கமாட்டார். வக்கீல் பில்லைக் கவனமாகப் பார்த்தார். அவருக்கு வேண்டியது யாழ்ப்பாணத்துச் சின்னக் கடைக்காரர் இல்லை, பெட்டியாக இறக்கியவர்தான் என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. இனி விற்பதில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார், மீதியை ஒப்படைக்கச் சொன்னார். வழக்கு இல்லை.

வெளியே வந்ததும் ரஞ்சன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா, கால் நோகுது," என்றார். நான் மிதித்த கால்.

திரும்பி வருகிறபோது வவுனியா தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே?"

"கேளுங்கோ."

"உங்கடை நுங்குப் பாக்கை நான் வித்தால், அண்ணை எனக்கு நோட்டீஸ் அனுப்புவாரோ?"

"எங்களிட்டை வாங்கி வித்தால் அனுப்பமாட்டார். நீங்களாச் செய்விச்சு வித்தால் அனுப்புவார்."

"அதை எழுதித் தருவியளோ?"

எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்தது. பல வருசம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி விளங்க வைக்க முடியாமல் போனதை, ஒரு நோட்டீஸும் ஒரு மிதியும் விளங்க வைத்துவிட்டன. எங்கள் நுங்கை வர்த்தகக் குறியாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற யோசனையும் அந்தக் கோச்சியில்தான் வந்தது. அந்த வேலையை என் இடத்துக்கு வந்தவர் செய்துகொண்டிருக்கிறார், நீங்களும் அவருக்கு உதவுங்கள்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எத்தினை வேணுமாம்?" என்று மட்டும் கேட்டார்.

ரஞ்சனுடைய கடையில் நுங்குப் பாக் எங்களிடம் விற்றதைவிட நன்றாக விற்றது. அவருக்கு வாய் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் கொழும்பு வக்கீலின் கதையைச் சொல்லி, "இது ஆரும் கேள்வி கேக்க ஏலாத பாக், தங்கச்சி, துணிஞ்சு கொண்டு போங்கோ," என்று கையில் கொடுத்துவிடுவார். முதலாளி தன் கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உவனுக்கு ஏன் குடுத்தனாங்கள், தங்கச்சி?"

நான் பதில் சொல்வதற்குள் ரஞ்சன் றோட்டைக் கடந்து ஓடி வந்து வாசலில் நின்றார். "அண்ணை, முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் இருக்கே?"

முதலாளி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "பாப்பம்," என்றார். பிறகு என்னையோ கவுண்டர்ப் பிள்ளைகளையோ அனுப்பாமல், தானே எழும்பி, சாமான் வைக்கிற ஸ்ரோரைத் திறக்கப் போனார்.